மருந்து என்று அவள் சொன்னது

ஆஸ்பத்திரிக் கட்டு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கட்டுப் போடுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தரப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். உங்களில் மூன்று நான்கு பேர் முன்பே இங்கே வேறு வேலையில் இருந்தவர்கள், அவர்களுக்கு என்னைத் தெரியும். டீ குடிக்கிற நேரத்தில் தேசம்மாவின் கையைப் பற்றி நான் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். "அந்தப் பொம்பள வாயத் தொறந்து சொல்லல, அதனால நீங்க தோண்டித் தோண்டிக் கேளுங்க" என்று ஒவ்வொரு முறையும் முடிப்பேன். அந்தக் கதையை நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். திருத்திச் சொல்வதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

நான் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. லாரியில் கிளீனராக நெல்லூர் வரைக்கும் போய் வந்தேன். உப்பளத்தில் இருந்தேன். ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டி உடைத்தேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. நாற்பது வயதுக்கு மேல், ஆரம்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் நம் சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ள வந்து, ஆள் போதாமல் கட்டு அறைக்கு இழுக்கப்பட்டு, பதினாறு வருடம் அங்கேயே கிடந்தேன். ஏன் ஓடிப்போகவில்லை என்று எனக்கே தெரியாது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், நர்ஸ். சிஸ்டர் என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன். அவர் அதிகம் பேசமாட்டார். தீக்காயம் என்று எது வந்தாலும் கையுறை போடும்போதே ஒரு கேள்வி கேட்பார்: "எதால?" தீயா, சுடுதண்ணியா, எண்ணெயா, கரண்டா. வந்த அன்றைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், மறுநாள்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டும் என்பார்.

அது உண்மை. கஞ்சி வடிக்கிற பானை சாய்ந்து வருகிற குழந்தை அலறும், பார்க்கவே முடியாது, ஆனால் மேல்தோலோடு போய்விடும். அலுமினியக் கழியால் கரண்ட் கம்பியைத் தொட்டுவிட்ட ஆள் நடந்தே வருவார், உள்ளங்கையில் ஒரு சின்ன ஓட்டைதான் இருக்கும். முழங்கை வரைக்கும் உள்ளே கருகியிருக்கும். படகு என்ஜினில் பெட்ரோல் ஊற்றும்போது வாயில் பீடியோடு இருந்தவர்கள் வருவார்கள். நைலான் நைட்டி தோலோடு ஒட்டிப்போன பெண்கள் வருவார்கள். "அடுப்பு வெடிச்சிடுச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிற பெண்களும் வருவார்கள். பக்கத்தில் புருஷன் நிற்பான். அவள் தலைமுடியில் பெட்ரோல் வாடை அடிக்கும்.

இவர்களில் பாதிப் பேர் காயத்தின்மேல் எதையாவது பூசிக்கொண்டு வருவார்கள். பல் விளக்குகிற பேஸ்ட், மைதா மாவு, முட்டை வெள்ளை, பேனா இங்க். தண்ணீர் பட்டால் கொப்புளம் எழும்பும் என்று அந்தப் பக்கத்து உப்பேரிக் கரை முழுக்க ஒரு நம்பிக்கை. அதனால் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பூசுவார்கள். அந்தப் பேஸ்ட்டைச் சுரண்டி எடுப்பது பெரிய வேலை. நான் திட்டிக்கொண்டே எடுப்பேன். நன்றாகத் திட்டுவேன், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்கு நல்ல வெயில். காதுகுத்து வீட்டுப் பந்தலில் சிலிண்டர் டியூப் கழன்று தீப்பிடித்து, சமையல்காரரையும் அவர் மனைவியையும் ஒரு டெம்போவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த ஆளுக்கு முகம், மார்பு, இரண்டு கை. "நைனா, நைனா" என்று செத்துப்போன அப்பனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே டாக்டர், ஒரே சிஸ்டர், நான். கூட வந்த உறவுக் கூட்டம் கட்டு அறைக்குள் பாதி, வெளியே பாதி.

அந்த நேரத்தில்தான் தேசம்மா வந்தாள். அவளைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கியது ஓர் இறால் பண்ணையின் மேஸ்திரி. இறக்கிவிட்டு அவன் போய்விட்டான். அவளுக்கு முப்பது வயது இருக்கும். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற ஜனம். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றில் விரலை விட்டுத் துழாவிப் பிடிப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. அந்தப் பத்து விரல்தான் அவர்களுக்குத் தொழில்சாமான். ஏரியில் இறால் இல்லாத நாட்களில் பண்ணைகளில் கூலிக்குப் போவார்கள்.

வலது கையை முந்தானையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, கை கழுவுகிற தொட்டியின் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் சலைன் பாட்டிலோடு குறுக்கே போனபோது கூப்பிட்டாள்.

"ண்ணா, கை வெந்துடுச்சுண்ணா."

"எதால?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். விரல்களிலெல்லாம் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. "மருந்துண்ணா" என்றாள்.

"மருந்து வேற பூசியாச்சா? அப்ப இன்னா அவசரம், குந்து. உள்ள ஆள் செத்துக்கினு இருக்கறான்."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தாள்.

சமையல்காரரை முதலில் பார்த்தது தப்பில்லை. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பும் வரை அவர் மூச்சுக்கு நாங்கள் மூன்று பேரும் பொறுப்பாக இருந்தோம். அவர் பிழைத்தார். ஒரு காது பாதிதான் இருக்கிறது, மற்றபடி இப்போதும் பந்தி சமைக்கிறார்.

அவர் போன பிறகு டாக்டர் சாப்பிடப் போனார். சிஸ்டர் சமையல்காரரின் மனைவியோடு இருந்தார். தேசம்மாவை நான் கூப்பிட்டேன். எனக்குப் பசி. முதுகு வேறு விட்டுப்போயிருந்தது. கையைப் பார்த்தேன். சிவந்திருந்தது, அங்கங்கே ஊறிப்போன மாதிரி இருந்தது. பெரிய கொப்புளம் எதுவும் இல்லை. லேசான காயம், சுடுதண்ணி என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஈரப் பஞ்சால் மேலே இருந்த வெள்ளையைத் துடைத்தேன். விரல் இடுக்கிலும் நகத்துக்குள்ளும் இருந்ததை அப்படியே விட்டேன்.

"மருந்துண்ணா. உள்ள இன்னும் எரியுது" என்றாள்.

"பேஸ்ட்டப் பூசினு வந்து மருந்துன்றியா? எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச? இதோ, இப்ப நான் போட்றேன் பாரு, இதுக்குப் பேருதான் மருந்து."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வெள்ளைக் களிம்பை வழித்துப் பூசி, துணி வைத்து, இறுக்கமாகச் சுற்றி, மூன்றாம் நாள் வரச் சொன்னேன். நோட்டில் 'சுடுநீர்' என்று எழுதினேன். அதற்கப்புறம் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறக்கும்போதே அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் அடித்தது. சிஸ்டர் கட்டைப் பிரித்தார். விரல்கள் சாம்பல் நிறத்தில், செருப்புத் தோல் மாதிரி இருந்தன. தொட்டால் அவளுக்குத் தெரியவில்லை. வலி இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சிஸ்டர் விரல் இடுக்கில் இருந்த வெள்ளையைக் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது.

"இது சுண்ணாம்பு" என்றார்.

பண்ணைகளில் இறாலை அள்ளிய பிறகு குட்டையைக் காயவைத்து, அடிச்சேற்றில் சுண்ணாம்பைத் தூவுவார்கள். இவள் காலையில் ஏரியில் ஊறிய கையோடு அந்த வேலைக்குப் போயிருக்கிறாள். கையில் ஒரு கேரி பேக்கை உறை மாதிரி கட்டிக்கொண்டு தூவியிருக்கிறாள். தூள் உள்ளே போய், ஈரத்தோடும் வியர்வையோடும் சேர்ந்து அங்கேயே வெந்திருக்கிறது. நான் அதன்மேல் களிம்பைப் பூசி, காற்றுப் புகாமல் கட்டி, அரைப் பகலும் ஒரு ராத்திரியும் அது வேலை செய்ய வழி பண்ணிக் கொடுத்திருக்கிறேன். சுண்ணாம்பு நெருப்பு மாதிரி சுட்டுவிட்டு அணைந்துபோவதில்லை. கழுவுகிற வரைக்கும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

சிஸ்டர் குழாயைத் திறந்து அந்தக் கையைக் கீழே பிடித்தார். நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டே இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல், "எதாலன்னு கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன் சிஸ்டர். அவ சொல்லவே இல்ல."

அந்த நேரத்தில் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டரிடமும் அதையே சொன்னேன். சென்னைக்கு அனுப்புகிற சீட்டில் அவர் அப்படியே எழுதினார்: காரணத்தை நோயாளி தெரிவிக்கவில்லை.

சென்னையில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தப்பின. மற்ற மூன்றும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி இறுகிவிட்டன. விரலை நீட்டிவைக்க அட்டை கட்டி, மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து அவளால் எத்தனை தடவை போக முடியும்? இரண்டு தடவை போனாள். இறுகினது இறுகினதுதான்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த வருடங்கள் முழுக்க, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொன்னேன். இந்த ஜனம் வாயைத் திறக்காது, நாம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சிஸ்டர் அந்தப் பக்கம் இருந்தால் எழுந்து போய்விடுவார். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

ஓய்வு கொடுத்த பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. சுண்ணாம்புக்குளம் என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் காவலுக்குச் சேர்ந்தேன். தேசம்மா வேலை செய்த பண்ணை இல்லை, வேறு பண்ணை. ஒரு நாள் காலையில் லாரியில் மூட்டைகள் வந்து இறங்கின. அங்கிருந்த மேஸ்திரி என்னிடம், "மருந்து வந்துடுச்சு, மழைல நனையாம தார்ப்பாய் போட்டு வையி. நாளைக்குப் பொம்பளைங்க வந்து தூவுவாங்க" என்றான்.

"இன்னா மருந்து?"

"இன்னா மருந்தா? குட்டைக்குப் போட்ற மருந்துதான். நீ இன்னா புதுசா கேக்கற?"

மூட்டையின் மூலையைக் கிழித்துப் பார்த்தேன். வெள்ளைத் தூள். சுண்ணாம்பு.

அந்தப் பண்ணையில் எல்லாமே மருந்துதான். சுண்ணாம்பு மருந்து, பிளீச்சிங் பவுடர் மருந்து, தண்ணீர் கலங்கினால் ஊற்றுவது மருந்து, இறாலுக்கு நோய் வந்தால் போடுவதும் மருந்து. கூலிக்கு வருகிற பெண்களுக்கு வேறு பெயர் தெரியவும் வேண்டாம், யாரும் சொல்லவும் மாட்டார்கள். மறுநாள் எட்டுப் பெண்கள் வரிசையாகக் கையில் கேரி பேக் கட்டிக்கொண்டு தூவினார்கள். "மருந்து கண்ணுல பட்டுடப் போவுதுடி, காத்துக்கு முதுகக் காட்டு" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொல்லியிருக்கிறாள். நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை, அவளுக்குத் தெரிந்த ஒரே பெயரில், இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டவன் நான்தான், பதிலையும் நானே வைத்திருந்தேன். அவள் வாயிலிருந்து வந்த சொல்லை எடுத்து அவளையே கேலி பண்ணி, மற்றவர்களைச் சிரிக்க வைத்தேன்.

ஆகவே உங்களுக்கு நான் இத்தனை நாள் சொன்னது அரைகுறை. கேளுங்கள் என்று மட்டும் சொன்னால் போதாது, நானும்தான் கேட்டேன். யாராவது மருந்து என்று சொன்னால், என்ன மருந்து, ட்யூபில் இருந்ததா மூட்டையில் இருந்ததா, நீ போட்டதா உன்மேல் பட்டதா என்று கேளுங்கள். கூலிக்காரப் பெண் வந்தால், அன்றைக்குச் செய்த வேலை என்ன என்று கேளுங்கள். பதில் புரியாவிட்டால் புரியவில்லை என்று அவளிடமே சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. நோட்டில் எழுதுவதற்கு முன்னால் யோசியுங்கள். என் கட்டு ஒரு நாளில் பிரிக்கப்பட்டது. சென்னைக்குப் போன சீட்டில் இருந்த வரியை யாரும் பிரிக்கவில்லை. அது என்ன செய்தது என்று அவளைப் போய்ப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஊரில் கேட்டபோது ஏரியில் இருப்பதாகச் சொன்னார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறேழு பெண்கள் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்கள். தேசம்மாவை அடையாளம் தெரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. மற்றவர்கள் இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். அவள் இடது கையால் துழாவினாள். வலது கை தண்ணீருக்கு மேலே, மார்போடு ஒட்டி இருந்தது.

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

"யாருடி தேசம்மா இந்தக் கெழவன், பொண்ணு கேட்டு வர்றானா?" என்றாள் ஒருத்தி.

"ஆஸ்பத்திரி அண்ணன்டி. கட்டு போட்டாரே, அவரு. வாய வெச்சினு சும்மா இரு" என்றாள் தேசம்மா. என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, இப்படி எளச்சிட்ட?" என்று கேட்டாள்.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"சொல்லு. தண்ணி ஏர்றதுக்குள்ள சொல்லு."

சொன்னேன். பெஞ்ச், மருந்து, பேஸ்ட் என்று நான் நினைத்தது, பண்ணையில் மூட்டையைக் கிழித்துப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு தபா சொன்னேன்" என்றாள்.

"ஆமா. ரெண்டு தபா."

"மெட்ராஸ்ல அந்த டாக்டரம்மா நீங்க குடுத்த சீட்டப் படிச்சிட்டு என்னத்தான் திட்டுச்சு. நீ சொன்னாதானம்மா அவங்களுக்குத் தெரியும், வாயில இன்னா வெச்சிருந்தன்னு. எங்க வூட்டுக்காரு இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாரு, வாயி இருந்திருந்தா கையி இருந்திருக்கும்னு. நானும் அப்படித்தான் நெனச்சினு இருந்தேன். நமக்குச் சொல்லத் தெரில, அதான் இப்படி ஆயிடுச்சுன்னு."

"அந்தச் சீட்டுல அப்படி எழுத வெச்சது நான்தான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத இப்ப எதுக்கு வந்து சொல்ற?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

மடங்கிய விரல்களை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டாள். அது பழக்கமாகிவிட்டது போலிருந்தது. "இந்தக் கையால தொட்டா இப்பவும் இறா இருக்குறது தெரியும்ணா. ஆனா மூடறதுக்குள்ள அது போயிடும்" என்றாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கு ஒனக்குப் புரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப? அதுக்குன்னு பெரிய ஊசி, மருந்து எதனா இருக்குதா?"

பெரிய மருந்து ஏதோ இருந்தது, எங்களிடம் அன்றைக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"ஊசியும் இல்ல, மருந்தும் இல்லம்மா. தூள உதறிட்டு, கொழாயத் தொறந்து கீழ கையக் காட்டச் சொல்லியிருப்பேன். அரைமணி, ஒரு மணி நேரம். முழுசா தப்பிச்சிருக்கும்னு சொல்ல முடியாது. இந்த அளவுக்கு ஆயிருக்காது."

அவள் குனிந்து, தன் இடுப்பைச் சுற்றி இருந்ததைப் பார்த்தாள்.

"தண்ணியா?" என்றாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையைச் சேற்றுக்குள் விட்டு, மற்றவர்கள் போன பக்கமாக நகர்ந்துபோனாள்.